பஸ்ஸில் தனி பற்றரி பூட்டப் போகிறவர்களுக்கு: கட்டிலைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் வாங்கப் போன இடத்தில்தான் அந்த வயரிங்காரர் அறிமுகமானார். வேகமாகப் பேசினார், நானும் வேகமாகத் தலையாட்டிவிட்டேன்.

என்னுடையது பழைய மிட்சுபிஷி ரோசா பஸ், 24 வோல்ட் வண்டி. பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு கட்டில், மின்விசிறி, சிறிய குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வைத்திருந்தேன். இரவில் எவ்வளவு மின்சாரம் எடுத்தாலும் காலையில் என்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அதற்காகவே ஸ்டார்ட் பற்றரிகளைத் தொடாமல், கட்டிலுக்குக் கீழே தனியாக இரண்டு 12 வோல்ட் டீப் சைக்கிள் பற்றரிகளை, அதாவது நீண்ட நேரம் மெதுவாக வடியவிட்டாலும் தாங்கும் வகையை, பூட்டச் சொன்னேன். "கவலைப்படாதீர்கள் அண்ணை, இரண்டும் வேறு வேறு" என்றார். பில் கேட்டதற்குத் துண்டுக் கடதாசியில் தொகையை எழுதித் தந்தார். கடையின் பெயர்கூட அதில் இல்லை.

திருகோணமலைக்குப் போகும் வழியில் ஹபரணையில் ஓர் இரவு தங்கினோம். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. லொறிக்காரர் ஒருவர் கேபிள் கொடுத்துக் காப்பாற்றினார். பயணத்தைக் கைவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் வண்டிக்குள் கூழ்முட்டை நாற்றம். அம்மா சோற்றுப் பார்சலைச் சந்தேகித்து அதைக் குருநாகலில் எறிந்தும்விட்டார்.

கொட்டாஞ்சேனையில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் கட்டிலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பற்றரி பக்கவாட்டில் உப்பியிருந்தது. கை வைக்க முடியாத சூடு. என்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். இரண்டுக்கும் சேர்த்து 28.4 வோல்ட், சரிதான். ஆனால் சரிபாதியாக இருக்க வேண்டியது, தனித்தனியே பார்த்தால் ஒன்றில் 12.8, மற்றதில் 15.6.

"தம்பி, விளக்குக்கும் மின்விசிறிக்கும் 12 வோல்ட்டை ஒரு பற்றரியிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறான். அது எப்போதும் பசியோடு கிடக்கும். மற்றது வயிறு வெடிக்கத் தின்னும். கூழ்முட்டை நாற்றமும் அதிலிருந்துதான்."

24ஐ 12 ஆக்கும் கன்வேட்டர் இருந்திருக்க வேண்டிய இடம் அது. ஸ்டார்ட் பற்றரிகளுக்கும் இவற்றுக்கும் நடுவே, என்ஜின் ஓடும்போது மட்டும் இணைத்து, நின்றபின் பிரித்துவிடும் ரிலே இருக்க வேண்டும். இருந்ததோ வெறும் கேபிள். அதில் ஒரு பியூஸ்கூட இல்லை. தீப்பிடிக்காமல் வீடு வந்து சேர்ந்தது எங்கள் அதிர்ஷ்டம். பிறகு அவர் பற்றரி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். அதற்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர். சாதாரண ஸ்டார்ட் பற்றரி! சில நொடிகள் பெரிய மின்னோட்டம் கொடுப்பதற்கான மெல்லிய தகடுகள் அதற்குள். இரவிரவாக வடியவிட்டால் தாங்காது.

காசு கொடுக்கும் முன் ரிலேயையும் பியூஸையும் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பற்றரியையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஒழுங்கான பில் வாங்குங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஆனால் துண்டுக் கடதாசியை நீட்டி நான் எதை நிரூபிப்பது?

அந்த வயரிங்காரர் நான்காவது அழைப்பில்தான் பதில் தந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பற்றரிக்குத் தண்ணீர் விட்டீர்களா அண்ணை?" என்றார். அது திறக்கவே முடியாத சீல் பற்றரி.