ரேக் உடையவில்லை, ஆட்டம்தான் நிற்கவில்லை: ட்ரெய்லரில் இரண்டு பேட்டரி சைக்கிள் ஏற்றிய அனுபவம்

ட்ரெய்லரில் சைக்கிள் ஏற்றிப்போகும் தட்டு ரேக்கின் விலை இப்போது இறங்கியிருக்கிறது. "வாங்கிப் போடலாமா?" என்று புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பதில் ஒரே ஒரு பயன்பாட்டுக்குத்தான்: எஸ்யூவி, அதன் பின்னால் ஒற்றை அச்சு சின்ன டிராவல் ட்ரெய்லர், ட்ரெய்லரின் ஏ வடிவ முன்சட்டத்தில் 2 இஞ்ச் ரிசீவர் (ரேக்கைச் செருகும் சதுரக் குழாய்), அதில் செருகிய தட்டு ரேக், மேலே ஃபேட் டயர் (அகல டயர்) பேட்டரி சைக்கிள் இரண்டு. ரேக்கைக் காரின் பின்னாலேயே மாட்டுகிறவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். பெட்டியில் போட்டிருப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தாங்கும் எடை சைக்கிளுக்கு 30 கிலோ, மொத்தம் 60 கிலோ, ரேக்கின் சொந்த எடை 22 கிலோ, ஏற்றுவதற்குச் சாய்தளம் உண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாய்தளத்துக்காக மட்டுமே இந்த ரேக்கை மனதாரப் பாராட்டலாம். பேட்டரி இல்லாமலே 28 கிலோ இருக்கும் சைக்கிளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, தட்டின் பள்ளத்தில் குறிபார்த்து வைப்பது முதுகுக்குக் கேடு. சாய்தளம் இருந்தால் தூக்கவே வேண்டாம். தட்டின் ஓரத்தில் அதைக் கொக்கி மாட்டி, முன்சக்கரத்தை ஏற்றிவிட்டு, வாக் மோடைப் (நடக்கும் வேகத்தில் மோட்டாரே சைக்கிளை உருட்டும் வசதி) போட்டால் சைக்கிள் தானே ஏறுகிறது. பெரும்பாலான டிஸ்ப்ளேக்களில் மைனஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் வாக் மோடு வரும். வேகம் மணிக்கு 6 கி.மீ.க்கு மேல் போகாது. இடது கை பிரேக்கில் இருக்கட்டும். பின்சக்கரம் சாய்தளத்தின் மேல் நுனிக்கு வருவதற்கு முன்பே பட்டனை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் சக்கர நடுவிலுள்ள ஹப் மோட்டார், சைக்கிளை ரேக்கின் முன்வளையத்தில் முட்டவைக்கும். ட்ரெய்லர் பக்கத்துத் தட்டுக்கு முதல் சைக்கிள், கார் பக்கத்துத் தட்டுக்கு இரண்டாவது. ரேக்கின் பிடிக்கும் கையால் சைக்கிள் ஃப்ரேமைக் கவ்விப் பூட்டிய பிறகுதான் பேட்டரியைக் கழற்ற வேண்டும். முன்பே கழற்றிவிட்டால் வாக் மோடு இல்லை, தள்ளத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ரேக்கின் அந்தப் பிடிக்கும் கை எங்கே விழுகிறது என்று வாங்கும் முன்பே உங்கள் சைக்கிளை வைத்துப் பாருங்கள். சில மாடல்களில் பேட்டரி டவுன் டியூபின் (ஃப்ரேமின் சாய்வான கீழ்க்குழாய்) மேல்பக்கமாகக் கழன்று வரும், சிலவற்றில் பக்கவாட்டில். கை அந்த வழியை அடைத்துக்கொண்டால் பேட்டரியோடே பயணம் செய்யவேண்டிவரும். அது கூடாது. 48 வோல்ட் பேட்டரி ஒன்று 3 முதல் 4 கிலோ. இரண்டையும் எடுத்தாலே 6 முதல் 8 கிலோ குறையும், அதுவும் கெட்ட இடத்திலிருந்து குறையும். பேட்டரிகள் காருக்குள், ஏசி காற்று படும் இடத்தில் வரட்டும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் வேண்டாம். பேட்டரி இருந்த பள்ளத்தின் முனைகளை மூட பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இறுக்கமாக மாட்டினால் போதும்.

அடுத்தது எடை. இதில் எல்லாரும் பெட்டியில் இருக்கும் 60 கிலோவைப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது காரின் பாலில் (ட்ரெய்லரை மாட்டும் கொக்கியின் இரும்பு உருண்டை, ball) இறங்கும் எடை. ஒரு கணக்குப் போடுவோம். பாலிலிருந்து அச்சுக்கு 3 மீட்டர். சைக்கிள் ஏற்றாதபோது பாலில் இறங்குவது 60 கிலோ. பேட்டரி கழற்றிய சைக்கிள் இரண்டும் ரேக்கும் சேர்ந்து 78 கிலோ. பாலுக்கு 70 செ.மீ. பின்னால், முன்சட்டத்தில் வைத்தால் அதில் ஏறக்குறைய 60 கிலோ பாலுக்கு வந்துவிடும். மொத்தம் 120. உங்கள் காரின் கொக்கி அந்த எடைக்கு அனுமதிக்கப்பட்டதா என்பதை அதன் தகட்டில் படித்துக்கொள்ளுங்கள். பல கொக்கிகளில் எல்லை 75 அல்லது 100 கிலோதான்.

"அப்படியானால் ட்ரெய்லரின் பின்னால் மாட்டிவிடலாமே" என்பது அடுத்த யோசனை. அதைவிட ஆபத்து வேறில்லை. அதே 78 கிலோவை அச்சுக்கு 2.2 மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் பாலில் இருந்த 60 கிலோவில் 57 கழிந்துபோகும். மிச்சம் 3 கிலோ. பால் மேல் பாரமே இல்லாத ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். எதிரே ஒரு பேருந்து கடந்த காற்றே அதற்குப் போதும், ஒருமுறை ஆரம்பித்தால் வேகம் குறையும்வரை நிற்காது. வேகத்தடையில் வால் எகிறுவது வேறு. ரேக் தயாரிப்பாளர்கள் பலர் ட்ரெய்லரின் பின்புறம் மாட்டவே கூடாது என்று எழுதுவதும், அனுமதிப்பவர்கள் தாங்கும் எடையைக் குறைத்துச் சொல்வதும் இதனால்தான். முன்சட்டம் பாலுக்கு அருகில் இருப்பதால் அந்த எகிறல் குறைவு. நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையாது. அதனால் வைப்பதென்றால் முன்னால்தான், கூடுதல் எடையை உள்ளே சரிக்கட்ட வேண்டும். அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரை 1 மீட்டர் பின்னால் மாற்றினால் பாலில் சுமார் 27 கிலோ குறையும். கேஸ் சிலிண்டர், கருவிப்பெட்டி இவற்றுக்கும் இதே கணக்கு. ஆனால் கனமான எதையும் கடைக்கோடிக்குத் தள்ளாதீர்கள். பின்னோரத்துக் கனம்தான் வாலாட்டத்தை வளர்க்கிறது.

அளப்பதற்கு லாரி எடைமேடை உதவாது, 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும். அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் பிளாட்பார்ம் தராசு போதும். தரை மட்டமாக இருக்க வேண்டும், ட்ரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை, கப்ளருக்கும் (பாலைக் கவ்வும் ட்ரெய்லர் முனை) தராசுக்கும் நடுவில் காரின் பால் உயரம் வரும்படி ஒரு மரத்துண்டு. பயணத்துக்கு என்னென்ன ஏற்றுவீர்களோ அத்தனையும் ஏற்றிவிட்டு நிறுங்கள்.

இனி ஆட்டம். என்னைத் தொடர்ந்து எரிச்சலூட்டுவது இது ஒன்றுதான்.

ரிசீவரின் உள்ளளவு 50.8 மி.மீ. ரேக்கின் தண்டு அதைவிட 1 மி.மீ. சிறியது, செருகுவதற்காக விட்ட இடைவெளி. தண்டு உள்ளே போகும் நீளம் 15 செ.மீ. கார் பக்கத்து வெளிச்சைக்கிள் நிற்பது 75 செ.மீ. தள்ளி. உள்ளே 1 மி.மீ. அசைந்தால் அங்கே 5 மி.மீ. கைப்பிடி உயரத்தில் இன்னும் அதிகம். நின்றுகொண்டிருக்கும்போது இது ஒன்றுமில்லை. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கடலூர் சாலையில் வேகத்தடையும் தடுப்பும் மாறிமாறி வரும்போது ஒவ்வொரு குதிப்புக்கும் தண்டு ரிசீவருக்குள் ஒரு அடி அடிக்கிறது. அடி வாங்குவது தண்டையும் ரிசீவரையும் கோக்கும் 16 மி.மீ. இரும்புப் பின் (pin). அந்தப் பின்னின் துளை கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவமாகும், ஆக ஆக அடி பெரிதாகும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் தூசி கிரீஸோடு கலந்து அங்கே போய் உட்கார்ந்தால் அது அரைக்கிற பசை. ஸ்டீலைத் தேய்த்துவிடும்.

கூடவே வரும் யூ வடிவ இறுக்கி தண்டை மேல்முகத்தோடு ஒட்டவைக்கிறது. மேலும் கீழுமான ஆட்டம் நிற்கிறது, பக்கவாட்டு ஆட்டம் அப்படியே இருக்கிறது. பின்னுக்குப் பதிலாக மரை போல்ட் போட்டு, தண்டுக்குள் நட்டை வெல்டிங் வைத்தால் பக்கமுகத்தோடு இறுகும், ஆனால் மேலும் கீழும் ஆடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் அடுத்தடுத்த இரண்டு முகத்திலும் தண்டு அழுந்தி நிற்கும். ரப்பர் ஷீட் செருகுவது வீண், அமுங்கிப்போகும். இடைவெளி அதிகமென்றால் அரை மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு வைக்கலாம்.

இவ்வளவு செய்தும் சாய்க்கும் மூட்டில் ஆட்டம் மிச்சமிருக்கிறது. ட்ரெய்லரின் முன்பெட்டியைத் திறக்க ரேக்கைச் சாய்க்கும் வசதி அது. மூட்டுத் துளையில் புஷ் (தேய்மானம் தாங்கும் உள்வளையம்) கிடையாது, இரும்போடு இரும்பு. இந்த விலைக்கு விற்கிற பொருளில் ஒரு வெண்கலப் புஷ் வைக்க மனம் வரவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாய்தளத்துக்கு அவ்வளவு யோசித்தவர்கள் இங்கே யோசிக்கவே இல்லை. சமீபத்திய ரிப்பேர் இதற்குத்தான். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைகள் நிறைய உண்டு. துளையை 20 மி.மீ.க்குப் பெரிதாக்கி, உள்ளளவு 16 வரும் வெண்கலப் புஷ்ஷை அழுத்தி ஏற்றி, முழுமரை போல்ட்டுக்குப் பதில் நடுப்பகுதி வழுவழுப்பாக உள்ள 8.8 கிரேடு (பலத்தைக் குறிக்கும் எண்) போல்ட் போடச் சொல்லுங்கள். மரை புஷ்ஷுக்குள் உரசினால் புஷ் சீக்கிரம் போய்விடும். வேலை சிறியது, பலன் பெரியது.

அதிகச் செலவில்லாத வழியும் உண்டு, அதுதான் ஆட்டத்தைப் பெருமளவு அடக்குவது. ரேக்கின் நடுக்கம்பத்து உச்சியிலிருந்து 25 மி.மீ. ராட்செட் பெல்ட் இரண்டு, இடமும் வலமுமாக விரித்து ட்ரெய்லர் சேசிஸில் கட்டுங்கள். காரில் கட்டவே கூடாது, முதல் வளைவிலேயே பெல்ட் இழுபட்டு ஏதாவது ஒன்று பிய்ந்துவிடும். தொங்கும் பெல்ட் நுனியை முடிச்சுப் போட்டு அடக்குங்கள்.

உப்புக் காற்று இங்கே கேட்கவே வேண்டாம். மரக்காணம் உப்பளம் தொடங்கி தேவனாம்பட்டினம் வரை ஒரே கதை. சாதாரண ஜிங்க் பூச்சு போல்ட்டுகள் ஒரு மழைக்காலத்துக்குள் சிவந்துவிடும். ஸ்டெயின்லெஸ் என்று ஓடாதீர்கள். கடையில் கிடைக்கும் வழக்கமான ஸ்டெயின்லெஸ் 8.8 அளவுக்குப் பலமில்லை, நட்டும் இறுகிச் சிக்கிக்கொள்ளும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்த போல்ட், மரையில் கிரீஸ், போதும். சதுரக் குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா பாருங்கள். மறந்தும் முன்சட்டத்தில் துளை போடாதீர்கள், ரிசீவரை யூ போல்ட்டும் தகடும் வைத்துக் கவ்வ வேண்டும்.

சில்லறை விஷயங்கள். 4 இஞ்ச் டயருக்குச் சக்கரப் பட்டை எட்டாது, நீட்டிப்புப் பட்டை தனியாக வாங்க வேண்டும். பின்சக்கரத்தில் மோட்டார் ஒயர் அச்சின் ஒரு பக்கமாக வெளியே வரும், பட்டை அதன்மேல் படக்கூடாது. ஒரு சைக்கிளின் பெடல் அடுத்ததன் கம்பியில் நுழைந்தால் 15 நம்பர் ஸ்பானரால் கழற்றிவிடுங்கள், இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். முழு உறை போடாதீர்கள், காற்றில் அடித்துக்கொண்டு பெயிண்டைத் தேய்க்கும். டிஸ்ப்ளேவுக்கு மட்டும் மூடி போதும். ரிவர்ஸ் எடுக்கும்போது திருப்பம் 45 டிகிரியை நெருங்கினால் சைக்கிள் சக்கரம் காரின் மூலையைத் தொடும். உங்கள் வண்டியில் எத்தனை டிகிரி என்பதை வெற்று மைதானத்தில் ஒருவரை நிறுத்திப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி தீர்ப்பு. சாய்தளம் அருமை, பிடிமானம் அருமை, ரேக் எங்கும் உடையவில்லை, வளையவில்லை. இருந்தாலும் இரண்டு ஃபேட் டயர் சைக்கிளை ட்ரெய்லர் முன்னால் கொண்டுபோக இதை வாங்காதீர்கள், இறங்கிய விலைக்கும் வேண்டாம். ட்ரெய்லருக்குள் தரை இடம் இருந்தால் அச்சுக்கு நேர் மேலே படுக்காமல் நிற்கவைத்துக் கொண்டுபோங்கள். அச்சின்மேல் வைத்த 56 கிலோ பாலுக்கு ஒன்றும் சேர்க்காது. முன்சக்கரத்தைக் கழற்றினால் நீளம் வெகுவாகக் குறையும். கழற்றியதும் டிஸ்க் பிரேக் பேடுகளுக்கு நடுவில் ஒரு அட்டைத்துண்டு செருகுங்கள், யாராவது தெரியாமல் பிரேக்கைப் பிடித்தால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். தரைக்கு 12 மி.மீ. பிளைவுட், அதில் நான்கு வளையம், நான்கு பெல்ட். இரவு தூங்கும் முன் இறக்கவேண்டும், உள்ளே செம்மண் ஒட்டும், அது தொல்லைதான். ஒரே ஒரு சைக்கிள், அதுவும் 25 கிலோவுக்குக் கீழே என்றால் இந்த ரேக்கை முன்சட்டத்தில் மாட்டி, ட்ரெய்லர் பக்கத்து உள்தட்டில் மட்டும் வைத்துத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் புஷ் வேலையை முதலில் முடியுங்கள். பிறகு எல்லா யூ போல்ட் நட்டுகளையும் இறுக்கி, நட்டிலிருந்து தகடுவரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுங்கள். முதல் 50 கி.மீ.யில் நிறுத்தி மறுபடி இறுக்கிப் புதுக்கோடு. அதற்குப் பிறகு டீக்கு நிறுத்தும் இடத்தில் எல்லாம் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த நட்டு திரும்பியிருக்கிறது, இறுக்காமல் கிளம்பாதீர்கள்.