கதிர்வீச்சு ஸ்டிக்கர்: ஒரு நட்சத்திரம், அதுவும் பேக்கிங்குக்காக

போனின் முதுகில் ஒட்டினால் 5ஜி கதிர்வீச்சு அண்டாது என்று விற்கிறார்களே, அந்தத் தங்க நிற ஸ்டிக்கரை மூன்று மாதமாக ஒட்டி வைத்திருக்கிறேன். யூடியூப் சேனல் ஒன்றைப் பார்த்துப் பயந்துபோன சித்தப்பா எனக்கும் சேர்த்து வாங்கிவிட்டார்.

ஒட்டிய பிறகு சிக்னலில் ஒரு கோடுகூடக் குறையவில்லை. அங்கேதான் இடித்தது. போன் டவரோடு பேசுவதே ரேடியோ அலையில்தான், அதை நிஜமாகவே தடுத்தால் போன் அடிக்கவே கூடாதே! சமையலறை அலுமினியத் தாளை நாலு சுற்று சுற்றிவிட்டு இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் பளபளப்புத் தாள், பசை, அவ்வளவுதான்.

ஆனால் பொருளைவிட அதை விற்கும் விதத்துக்குத்தான் ரிவ்யூ எழுத வேண்டும். வீடியோ இலவசம். பயம் உச்சிக்கு ஏறும் இடத்தில் நிறுத்தி, மீதியைக் கட்டணக் குழுவில் சொல்கிறேன் என்பார்கள், குழுவுக்குள் போனால் ஸ்டிக்கர், வாங்கி ஒட்டினால் ஆறு மாதத்தில் வீரியம் தீர்ந்துவிடுமாம், புதுசு வாங்கணும். பயம் தெளிந்தால் கடை படுத்துவிடும் என்பதால் வாரம் ஒரு புது ஆபத்து வேறு.

இது புதுசும் இல்லை. 2020-ல் பிரிட்டனில் 5ஜி பயோஷீல்ட் என்று 300 பவுண்டுக்கு மேல் விற்ற ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், சாதாரண 128 எம்பி பென் டிரைவ். 2021-ல் நெதர்லாந்து அதிகாரிகள் சோதித்த கழுத்தில் மாட்டும் 'பாதுகாப்பு' டாலர்களில் (பதக்கங்களில்) சில தாங்களே கதிர்வீச்சை உமிழ்ந்தன (இதைச் சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை). அமெரிக்காவில் ரேடியோ, இணைய நிகழ்ச்சி நடத்திய அலெக்ஸ் ஜோன்ஸ், 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டதையே நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதே நிகழ்ச்சியில் தன் கடையின் சத்து மாத்திரைகளையும் விற்றார். 2022-ல் அங்கே கனெக்டிகட் மாநில ஜூரி அவர் மேல் 96.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

கஸ்டமர் சர்வீஸ்? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்களை யார் அனுப்பினது?" என்று பதில் வந்தது, அடுத்த நிமிடம் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். டெலிவரி மட்டும் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்தது, பெட்டியும் உறுதி. சித்தப்பா அதில் மாத்திரை போட்டு வைத்திருக்கிறார், அதே சேனலில் வாங்கிய மாத்திரை.