முதல்முறை ஸ்கூபா: சுவராஜ் தீவின் ஒரு பயிற்சி நிலையத்தைப் பற்றிச் சேலத்திலிருந்து

எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் அது ஆத்தூர்ப் பக்கம் அம்மாவின் ஊர்க் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்த நீச்சல். சேலத்திலேயே வளர்ந்த எனக்குக் கடல் என்பது விடுமுறையில் போய்க் கால் நனைத்துவிட்டு வரும் இடமாகவே நாற்பத்து நான்கு வயது வரை இருந்தது. கடந்த ஜனவரியில் கணவரோடும் பதினைந்து வயது மகளோடும் அந்தமான் போனபோது, ஹேவ்லாக் என்று நாம் அறிந்திருந்த, 2018ஆம் ஆண்டின் இறுதியில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட தீவில், முதன்முறையாக முதுகில் சிலிண்டரைச் சுமந்துகொண்டு கடலுக்குள் இறங்கினேன். அங்கே இரண்டு பயிற்சி நிலையங்களைப் பார்த்தோம். ஒன்றிலிருந்து இறங்காமலேயே திரும்பினோம், மற்றொன்றில் இறங்கினோம். பயிற்றுநர்கள் அடிக்கடி இடம் மாறுகிற தொழில் இது என்பதால், பெயர்களை விட்டுவிட்டு, அங்கே என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதையே எழுதுகிறேன்.

முதல் நிலையத்தை ஊரிலிருந்தபடியே ஒரு முகவர் வழியாக முன்பதிவு செய்திருந்தோம். காலை ஏழு மணிக்குப் போனதும் மருத்துவப் படிவத்தை நீட்டிய இளைஞர், எல்லாக் கேள்விகளுக்கும் "இல்லை" என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று உயிரோடு தொடர்புள்ள கேள்விகள் நிறைந்த தாளைப் படிக்காமலே நிரப்பச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. என் கணவருக்குக் கப்பலில் வரும்போதே சளி பிடித்திருந்தது. அதைச் சொன்னதற்கு, மூக்கடைப்பு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும் என்றார்கள். மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர், பத்து நிமிட விளக்கம், உடனே படகு என்பது அவர்கள் திட்டம். கொடுத்த முன்பணம் போனால் போகட்டும் என்று எழுந்து வந்துவிட்டோம். மாத்திரையின் வேகம் நீருக்கடியில் இருக்கும்போதே குறைந்துவிட்டால், மேலே வரும்போது காதிலும் முகத்தின் காற்றறைகளிலும் காற்று சிக்கிக்கொண்டு கடும் வலியும் காயமும் உண்டாகும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது நிலையத்தைக் காட்டியவர், எங்கள் விடுதியில் சமையல் செய்த ராமநாதபுரத்து அண்ணன். தென்னை மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட சிறிய இடம். வாசலில் நன்னீர்த் தொட்டியில் அலசிய முக்குளிப்பு ஜாக்கெட்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அங்கே படிவத்தை எங்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். கணவரின் மூக்கடைத்த குரலைக் கேட்டவுடன், "அண்ணா, இன்னைக்கு நீங்க வேண்டாம்" என்று அங்கிருந்த பயிற்றுநர் தயங்காமல் சொல்லிவிட்டார். கட்டணம் ஒருவருக்கு 4,500 ரூபாய், மூவருக்கும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது; கணவரின் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதாகவும் அவரே சொன்னார். வந்த பணத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் சுற்றுலா ஊரில் இப்படிச் சொல்ல முன்வந்தவரை நம்பி மகளையும் இறக்கலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அவர் அந்தமானின் மாயாபந்தரைச் சேர்ந்த கரேன் இளைஞர். 1925ஆம் ஆண்டு பர்மாவிலிருந்து அந்தமானில் குடியமர்த்தப்பட்ட கரேன் மக்களின் வழிவந்தவர்கள் பலர் இன்று இந்தத் தீவுகளில் முக்குளிக்கும் தொழிலில் இருக்கிறார்கள். தீவுகளின் தலைநகரில் தமிழ் நண்பர்களோடு வளர்ந்ததால் கொஞ்சம் தமிழும் பேசினார். எனக்கு ஒருவர், மகளுக்கு ஒருவர் என்று தனித்தனிப் பயிற்றுநர்கள் வந்தார்கள்.

இந்த நிலையத்தின் தரம் என்று நான் சொல்லக்கூடியது, ஆழத்துக்குப் போவதற்கு முன் இடுப்பளவு நீரில் அவர்கள் செலவிட்ட முக்கால் மணி நேரம்தான். முதலில், சிலிண்டரின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயில் கவ்விக்கொண்டு, முகத்தை நீருக்குள் வைத்து, வாயால் மட்டும் மூச்சு விடப் பழக வேண்டும். மூக்கால் மூச்சு விட்டே வாழ்ந்த உடம்பு அதை ஒப்புக்கொள்ள நேரம் எடுக்கிறது. இரண்டாம் மூச்சிலேயே நெஞ்சு படபடத்து நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. "அக்கா, மெதுவா இழுங்க, அதைவிட மெதுவா விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கையை என் விலா எலும்பின்மேல் படும்படி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, என் மூச்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணிக்கொண்டு நின்றார். ஆறு முறை எழுந்து நின்றேன். ஏழாவது முறை எழ வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அடுத்து, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்குக்குள் புகுந்த நீரை வெளியேற்றும் பயிற்சி. மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் நீர் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடும். எனக்கு எத்தனை முறை ஊதியும் நீர் திரும்பத் திரும்பக் கசிந்தது. அவர் அருகில் வந்து பார்த்துவிட்டு, நெற்றியோரத்தில் ரப்பருக்கு அடியில் சிக்கியிருந்த நான்கைந்து முடிகளை விரலால் ஒதுக்கினார், கசிவு நின்றது. நீளமான முடியுள்ள பெண்கள் நெற்றி முடியை இறுக்கிச் சீவிக்கொண்டு போவது நல்லது. அடர்ந்த மீசை வைத்திருக்கும் ஆண்களுக்கும் இதே தொல்லை வரும்.

காதைப் பற்றிய விளக்கம் சேலத்துக்காரர்களுக்கு எளிதில் புரியும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்து அடிவாரத்துக்கு இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதும், எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்வதும் நமக்குப் பழக்கம். கடலிலும் நடப்பது அதுவேதான். வேகம் மட்டுமே வேறு. ஏற்காட்டிலிருந்து சேலம் வரை இறங்குவதில் கூடுகிற அழுத்தம், கடல்நீரில் ஒன்றரை மீட்டர் இறங்குவதற்குள்ளேயே கூடிவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்காகிறது. அதனால் ஒவ்வொரு முழத்துக்கும் மூக்கை விரலால் மூடிக்கொண்டு மென்மையாக ஊதிக் காதைத் திறந்துகொண்டே போக வேண்டும். வலி வந்த பிறகு ஊதக் கூடாது, வருவதற்கு முன்பே ஊத வேண்டும். வலித்தால் சற்று மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். சளி பிடித்தவரை ஏன் இறக்க மறுத்தார்கள் என்பது இந்தப் பயிற்சியில்தான் எனக்கு முழுமையாக விளங்கியது.

சைகைகளையும் இங்கேயே படிய வைத்தார்கள். கட்டை விரலை உயர்த்திக் காட்டுவது நீருக்கடியில் "நன்றாக இருக்கிறேன்" என்பதாகாது. "மேலே போக வேண்டும்" என்றே பொருள். நலமாக இருப்பதைக் காட்டக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். மகள் பழக்க தோஷத்தில் இரண்டு முறை கட்டை விரலை உயர்த்தினாள். இரண்டு முறையும் அவளுடைய பயிற்றுநர் உடனே அவளை மேலே கூட்டிவந்து, தவறைச் சிரிக்காமல் திருத்தினார். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பதைத்தான் எல்லாவற்றிலும் அதிகமாக வலியுறுத்தினார்கள். பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு ஏறினால் அது நுரையீரலையே கிழித்துவிடக்கூடும்.

பிறகு ஆழத்துக்குப் போனோம். முதல்முறை இறங்குபவர்களுக்கு உள்ள உச்ச வரம்பு 12 மீட்டர், அதாவது ஏறத்தாழ 40 அடி. நாளிதழில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, அணையின் 120 அடியில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டபோதுதான் அது எவ்வளவு ஆழம் என்பது உறைத்தது. நாங்கள் 9 மீட்டர் வரை போனோம்.

கோட்டை மாரியம்மன் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு என் மணிக்கட்டில் இருந்தது. கீழே போனதும் தற்செயலாகக் கையைப் பார்த்தேன். கயிறு மங்கிய பழுப்பு நிறமாக, பழைய சணலைப் போலத் தெரிந்தது. சிவப்பு ஒளியைத்தான் கடல்நீர் முதலில் உறிஞ்சிக்கொள்கிறது. பயிற்றுநர் கைவிளக்கை அதன்மேல் பிடித்தார். கோயில் வாசலில் இருந்த அதே சிவப்பு ஒரு நொடியில் திரும்பி வந்தது. அதே விளக்கை அவர் ஒரு பாறையின் பக்கம் திருப்பியபோது, சாம்பல் நிறம் என்று நான் நினைத்திருந்த பாறை முழுவதும் ஆரஞ்சும் ஊதாவுமாக இருந்ததைக் கண்டேன்.

பூவைப் போலத் தெரியும் கடலுயிரியான கடல் சாமந்தி ஒன்றின் விரல்களுக்கு நடுவே ஒரு கோமாளி மீன் போவதும் வருவதுமாக இருந்தது. மற்ற மீன்களைக் கொட்டும் அந்த விரல்கள் இந்த மீனை ஒன்றும் செய்வதில்லை. அதன் உடலைப் பூசியிருக்கும் வழுவழுப்பு அதைக் காக்கிறது. நாங்கள் நெருங்கியதும் அந்த விரல் நீள மீன் ஓடி ஒளியாமல் வெளியே வந்து எங்களை எதிர்த்து நின்றது. சற்றுத் தள்ளி ஒரு கிளிமீன் பாறையைக் கொறிக்கும் ஓசை, தட்டுவடையைக் கடிப்பது போலத் தெளிவாகக் காதில் விழுந்தது. இறந்து வெளிறிய பவளங்களும் நிறையவே இருந்தன. 2010இலும் 2016இலும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது அந்தமானின் பவளப் பாறைகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. எதையும் தொடக் கூடாது, காலை ஊன்றக் கூடாது என்பதில் பயிற்றுநர் உறுதியாக இருந்தார். என் கால் ஒரு முறை பவளத்தை நோக்கித் தாழ்ந்தபோது, என் சிலிண்டரைப் பிடித்து ஒரு சாண் உயர்த்திவிட்டார்.

பலரும் நினைப்பது போல முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் அன்று. நாம் கரையில் சுவாசிக்கும் அதே காற்றை வடிகட்டி, ஈரத்தை நீக்கி, ஏறத்தாழ 200 பார், அதாவது கரையில் உள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். ஈரமே இல்லாத காற்று என்பதால் தொண்டை வறண்டுவிடும். இறங்குவதற்கு முன் நன்றாகத் தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டும். என் பயிற்றுநர் சில நிமிடங்களுக்கு ஒரு முறை காற்றளவு மானியை என் கண்ணெதிரே காட்டி, நான் படித்துவிட்டேன் என்று சைகை செய்யும் வரை காத்திருந்தார். 35 நிமிடம் கீழே இருந்தோம்.

குறைகளும் உண்டு. உடை மாற்ற ஒரே ஓர் அறைதான். அதன் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, மகள் உள்ளே இருந்த நேரமெல்லாம் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்கள் இவ்வளவு பேர் வருகிற இடத்தில் இது உடனே சரிசெய்ய வேண்டிய குறை. என் அளவுக்கு வெட்சூட் என்ற இறுக்கமான முக்குளிப்பு உடை கிடைக்காமல் ஓர் அளவு சிறியதைப் போட்டுக்கொண்டதில், கழுத்து இறுகியிருந்ததே தொடக்கத்துப் படபடப்பைக் கூட்டியது என்று இப்போது நினைக்கிறேன்; கழுத்து இறுகினால் கூச்சப்படாமல் வேறு கேளுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் அவற்றின் தெளிவு போய்விட்டது. பென் டிரைவ் கொண்டுபோனவர்கள் அசலையே வாங்கிக்கொண்டார்கள்.

பயணத் திட்டத்தில் ஒன்றை முன்பே கவனிக்க வேண்டும். அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைந்திருப்பதால், ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. இதை எங்கள் நிலையத்தில் சொன்னார்கள், முதல் இடத்தில் சொல்லவில்லை. ஏறத்தாழ 600 மீட்டருக்கு மேல் மலை ஏறுவதும் இதே கணக்கில்தான் சேரும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சனிக்கிழமை புதுச்சேரியில் கடலுக்குள் இறங்கிவிட்டு, அன்றிரவே ஏற்காட்டு விடுதிக்குப் போய்விடலாம் என்று திட்டம் போடும் நம் ஊர் இளைஞர்கள், அந்த இரவைச் சேலத்திலேயே கழித்துவிட்டு மறுநாள் மலை ஏறுவதே பாதுகாப்பானது.

முதல்முறை இறங்க நினைப்பவர்களுக்கு அந்தத் தென்னந்தோப்பு நிலையத்தை நான் மனமார நம்பி அனுப்புவேன். கதவுத் தாழ்ப்பாளைப் பற்றி அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தேன், எழுதி வைத்துக்கொண்டார்கள். என் கணவரின் 4,500 ரூபாய், நாங்கள் சேலம் வந்து சேர்ந்த மறுநாள் காலை, பிடித்தம் எதுவும் இல்லாமல் கணக்கில் வந்துவிட்டது. சளி விட்டதும் டிசம்பரில் வரச் சொல்லி ஒரு குறுஞ்செய்தியும் கூடவே வந்திருந்தது.