மலை உருவாக்கம் சொல்லித்தர கூகுள் எர்த் ப்ரோ எவ்வளவு உதவும்?

சொந்த ஊரையும் வீட்டு மொட்டைமாடியையும் தேடிப் பார்த்துவிட்டுப் பலரும் மூடிவிடுகிற மென்பொருள் இது. 2015 ஜனவரிக்கு முன்பு ஆண்டுக்கு 399 டாலர் கட்டணம், இப்போது இலவசம். புவித்தட்டுகள் மோதியும் விலகியும் மலைகளை எழுப்புவதைக் காட்ட, காசில்லாமல் கிடைப்பவற்றில் இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் நிறுவிய கையோடு அப்படியே திறந்து காட்டினால், பாதி மலைகள் தட்டையாகவும் மீதி மலைகள் பொய்யான செங்குத்தாகவும் தெரியும்.

முதலில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், 3டி வியூ என்று போய் ‘எலிவேஷன் எக்ஸாஜரேஷன்’ கட்டத்தைப் பாருங்கள். உயரத்தை எத்தனை மடங்கு மிகைப்படுத்திக் காட்டுவது என்பதற்கான அளவு அது. 0.01 முதல் 3 வரை எண் கொடுக்கலாம். இமயமலைக்கு 1 போதும். அமெரிக்காவின் நெவாடா பகுதிக்கு 2 வைத்தால் வடக்கு தெற்காக வரிசை வரிசையாக மலையும் பள்ளமும் மாறிமாறி வருவது பளிச்சென்று தெரியும். 3 வைக்கவே வேண்டாம். எல்லா மலையும் ஊசிமுனையாகி, எது பாறை அடுக்குகள் மடிந்து எழுந்த மடிப்பு மலை, எது நிலம் பிளந்து துண்டாக உயர்ந்த பிண்ட மலை என்ற வேறுபாடே போய்விடும்.

பிண்ட மலைக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள டெத் வேலிப் பள்ளத்தாக்கை விட்டால் வேறு நல்ல இடம் கிடையாது. அங்கே நிலமேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டுப் பிளக்கிறது. ஒரு துண்டு இறங்க, பக்கத்துத் துண்டு உயர்ந்து நிற்கிறது. பள்ளத்தின் அடியில் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. மேற்கே சுமார் 25 கி.மீ. தள்ளி டெலஸ்கோப் பீக், 3,360 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் நடுவே படத்தைப் பெரிதாக்கி, மலையடிவாரத்து வண்டல் விசிறிகளை, அதாவது ஓடைகள் அடித்துவந்து விசிறிபோலப் பரப்பிய வண்டலைப் பாருங்கள். மேற்குப் பக்கத்து விசிறிகள் அகலமாகப் பரந்து ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். கிழக்குப் பக்கத்தில் பிளாக் மலைகளின் அடியில் சின்னச் சின்னதாக, செங்குத்தாக நிற்கும். பள்ளத்தின் தரை கிழக்கு நோக்கிச் சாய்ந்தபடி அந்தப் பக்கத்துப் பிளவை ஒட்டி இறங்குகிறது. கிழக்கே கொட்டுகிற வண்டல் கொட்டக் கொட்டப் புதைந்துபோகிறது. பாடப்புத்தகப் படத்தில் இரண்டு அம்புக்குறியாக முடிந்துபோகிற விஷயம், இங்கே தரையிலேயே எழுதியிருக்கிறது.

குறுக்குவெட்டு வரைவதுதான் இந்த மென்பொருளின் பெரிய பலம். ஏமாற்றுகிற இடமும் அதுதான். ‘ஆட் பாத்’ கொண்டு கோடு போட்டு, அதன்மேல் வலது சொடுக்கி ‘ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்’ கொடுத்தால் வரைபடம் வரும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடருக்கு, கடலடியிலுள்ள பெரு–சிலி அகழியிலிருந்து சிலி–அர்ஜென்டினா எல்லையிலுள்ள யூயாய்யாகோ எரிமலை வரை கிழக்கே ஏறத்தாழ 300 கி.மீ. கோடு போடலாம். போட்டதும் கடல் பகுதி முழுக்கச் சுழியமாகக் காட்டினால் பதற வேண்டாம். கோட்டின் பண்புகளில் ‘ஆல்டிட்யூட்’ என்பதை ‘கிளாம்ப்ட் டு சீ ஃப்ளோர்’ என்று மாற்றினால் 8 கி.மீ. ஆழ அகழியிலிருந்து 6,739 மீட்டர் சிகரம் வரை முழு ஏற்றமும் தெரியும். கூட்டினால் 14 கி.மீ.க்கும் மேல். நாஸ்கா தட்டு தென் அமெரிக்காவின் அடியில் புகுவதால் வந்த ஏற்றம் இது.

சிக்கல் என்னவென்றால், வரைபடத்தின் உயர அளவைத் தானாகவே சாளரத்துக்குத் தக்கபடி நீட்டிக்கொள்கிறது. 300 கி.மீ.யை 30 செ.மீ. அகலத்தில் வரைந்தால் உண்மையான உயரம் 1.5 செ.மீ.கூட வராது. சாளரம் அதை 6 செ.மீ.க்கு இழுத்தால் நான்கு மடங்கு மிகை. டெத் வேலிக் கோட்டுக்கோ அதே சாளரத்தில் மிகை ஒன்றரை மடங்குதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஆண்டிஸும் டெத் வேலியும் ஒரே சரிவு என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். மிகை எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் எழுதிவிடுவது நல்லது.

அடுத்த குறை, நிலத்துக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தரும் நிலநடுக்கக் கேஎம்எல் (கூகுள் எர்த்தில் திறக்கும் இடத்தகவல்) கோப்பைச் சேர்த்தால் ஓரளவு ஈடுகட்டலாம். புவித்தட்டு எல்லைகளும் அதிலேயே வரும். வயதுவாரியாக, ஆழவாரியாக என்று இரண்டு வண்ண வகைகள் உண்டு, ஆழவாரியை எடுங்கள். சிலிக் கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகப் போக நிலநடுக்க மையம் ஆழமாகிக்கொண்டே போகும். 1994இல் பொலிவியாவில் 8.2 அளவு நிலநடுக்கம் 600 கி.மீ.க்கும் கீழே நடந்தது. அமிழும் தட்டு அவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? இன்னொன்று: ஆண்டிஸின் உயரமான சிகரமான அகோன்காகுவா (6,961 மீ) எரிமலை அல்ல. அந்தப் பகுதியில் தட்டு கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் நுழைவதால் இன்று உயிருள்ள எரிமலைகளே இல்லை. ஆண்டிஸை வெறும் ‘மடிப்பு மலை’ என்று ஒரே வரியில் முடிக்கிற புத்தகங்கள் இதையெல்லாம் விட்டுவிடுகின்றன.

மடிப்பு என்றால் ஈரானின் ஜாக்ரோஸ் மலைத்தொடர். செடிகொடி மறைக்காததால் பாறை அடுக்குகள் நீண்ட முதுகுகளாக வளைந்திருப்பது எந்த விளக்கமும் இல்லாமலே புரியும்.

ஹவாய்க்கு ‘வியூ’ பட்டியலில் ‘வாட்டர் சர்ஃபேஸ்’ குறியை எடுத்துவிடுங்கள். தட்டு எல்லைக்கு வெகு தொலைவில், நகரும் தட்டின் மேல் வரிசையாக எழுந்த எரிமலைகள் கடலடியில் ஆயிரக்கணக்கான கி.மீ. நீள்வது தெரியும். ஆனால் கடலடியில் தெரியும் நேர்க்கோடுகளைப் பிளவு என்று காட்டிவிடாதீர்கள். பல, கப்பல்கள் சோனார் (ஒலியலையால் ஆழம் அளக்கும் கருவி) கொண்டு அளந்துபோன தடம். 2009இல் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் தெரிந்த இப்படிப்பட்ட கட்டங்களைத்தான் கடலில் மூழ்கியதாகக் கதை சொல்லும் அட்லாண்டிஸ் என்று கிளப்பிவிட்டார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை எந்தத் தட்டு எல்லையில் இருக்கிறது என்ற கேள்வி நம் வகுப்புகளில் கண்டிப்பாக வரும். கோழிக்கோட்டிலிருந்து வயநாடு வழியாக மைசூர் வரை ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். மேற்கே கிடுகிடுவென ஏறி, கிழக்கே இறங்காமல் 700, 800 மீட்டரிலேயே பீடபூமியாகத் தொடரும். மோதி எழுந்த மலை அல்ல, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்துபோனபோது உருவான கண்ட விளிம்பின் சரிவு. அரிப்பால் உள்ளே தள்ளி நிற்கிறது.

பள்ளியில் இணையம் இழுக்கும் என்றால் முந்தின நாளே அதே கணினியில் எல்லா இடங்களையும் அதே நெருக்கத்தில் ஒருமுறை திறந்துவிடுங்கள். காஷில் (கணினியின் தற்காலிகச் சேமிப்பில்) சேர்ந்திருப்பவை மறுநாள் இணையம் இல்லாமலும் வரும். நிலநடுக்கக் கோப்பு மட்டும் நேரடி இணைப்பு கேட்கும்.