மூன்று வருடம் பாவித்த முறுக்கு மணிக்கூடு: திருத்தி எடுத்த கையோடு எழுதுவது

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் திருத்தக் கொடுத்திருந்த மணிக்கூடு 11 நாளுக்குப் பிறகு நேற்றுக் கைக்கு வந்தது. அன்று பின்னேரமே தோழி ஒருத்தி கேட்டாள்: "எடி, உன்ரை மேசையிலை இருக்கிற அந்த மணிக்கூடு உண்மையிலை உதவுதோ? நானும் ஒண்டு வாங்கட்டோ?" முதுமாணி ஆய்வேட்டை இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருப்பவள். பகிடிக்குக் கேட்கவில்லை என்று தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பொருள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குசினியில் வைக்கிற, 60 நிமிடம் வரை முறுக்கி வைத்தால் நேரம் முடிய மணி அடிக்கிற வட்ட மணிக்கூடு. 1980களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவனாக இருந்தபோது தக்காளி வடிவத்தில் இப்படி ஒன்றை வைத்துப் படித்தார். அதனால் அப்படி நேரத்தைப் பிரித்து வேலை செய்கிற முறைக்கே தக்காளியின் இத்தாலியப் பெயர், பொமடோரோ. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு.

நான் வாங்கியது 2022இல். அந்தப் பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. போனில் மிஞ்சியிருக்கிற சார்ஜை நேரம் பார்க்கச் செலவழிக்க மனம் வரவில்லை. கரண்டும் பற்றரியும் கேட்காத ஒன்று வேண்டியிருந்தது.

எனக்குக் காணி உறுதி, சான்றிதழ் போன்ற பத்திரங்களை மொழிபெயர்க்கிற வேலை. பிறப்புச் சான்றிதழ் என்றால் மளமளவென்று முடியும். பழைய காணி உறுதியை எடுத்தால் கை நின்றுவிடும். பரப்பு, குழி என்று நில அளவும், கிணற்றில் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும், நாலு பக்கத்து எல்லையும் மங்கின கையெழுத்தில் கிடக்கும். 18 குழி ஒரு பரப்பு என்பது மனப்பாடம். ஆனால் அந்த மையில் இருப்பது 3ஆ 8ஆ என்று யார் சொல்வது? பிழை விட்டால் எங்கோ ஒரு குடும்பம் வழக்குக்கு அலையும். அதை நினைத்தே உறுதியை அடியில் வைத்துவிட்டு மேசையைத் துடைப்பேன், பழைய கோப்புகளை அடுக்குவேன். அம்மா அதைப் பஞ்சி என்பார். அது பஞ்சி இல்லை, பயம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இதைப் பல வருடம் ஆராய்ந்த உளவியலாளர் திமதி பிச்சில் சொல்வதும் இதைத்தான்: தள்ளிப்போடுகிறவருக்கு நேரத்தைக் கையாளத் தெரியாமல் இல்லை, வேலை கிளப்பிவிடுகிற வேண்டாத உணர்விலிருந்து ஓடுகிறார். அதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்தது. அவ்வளவு காலமும் என்னை நானே கெட்ட பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

இந்த மணிக்கூடு செய்த நன்மை அந்த இடத்தில்தான். விரலால் இறுக்கி முறுக்கும்போது உள்ளே ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். விட்டவுடன் டிக் டிக் என்று ஓடத் தொடங்கிவிடும். 'உறுதியை முடி' என்று அது கேட்பதில்லை, 25 நிமிடம் இரு என்று மட்டும் கேட்கிறது. அந்த அளவுக்குப் பயத்தோடும் இருக்கலாம். திருத்தக் கொடுத்திருந்த 11 நாளும் போனை வைத்துப் பார்த்தேன். நேரம் வைக்கப் போனைக் கையில் எடுக்கவேண்டும், எடுத்தால் வட்ஸ்அப் நிற்கும். இரண்டு உறுதிதான் முடிந்தது.

இனி என் கோபம். அந்த 5 நிமிட ஓய்வு. வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்கு 5 நிமிடம் என்று ஒன்று கிடையாது. எழும்பினால் பிளேன்ரீ, பிளேன்ரீயோடு அம்மாவின் கதை, வேலிக்கு அங்கால் இருந்து ஒரு குரல், காயப்போட்ட மிளகாய். நல்லூர்க் கோயில் மணி கேட்கும்போதுதான் மத்தியானமாகிவிட்டது என்று விளங்கும். அந்தக் கோயில் ஒரு நாளும் நேரம் பிந்தியதில்லை. கேட்கும்போதெல்லாம் நெஞ்சு சுருக்கென்று குத்தும்.

திரும்பி வருவதற்கு ஒரு வழி செய்தேன். மணி அடித்ததும் வசனத்தை முடிக்காமல் பாதியில் விட்டு எழும்புவது. பாதி வசனம் கூப்பிடும், உண்மையாகவே கூப்பிடும். ஆனால் ஒருநாள் தெற்கு எல்லையோடு எழும்பினவள், திரும்பி வந்து மேற்கையும் முடித்துவிட்டதாக நினைத்து வடக்கு எல்லையை எழுதிவிட்டேன். அந்தக் காணி மேற்கெல்லை இல்லாமல் உரியவர் கைக்குப் போனது. அவரே கண்டு, கோபிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தார். அன்று இரவு நித்திரை இல்லை.

அதன் பிறகு மணி அடித்தாலும் நாலு எல்லையும் முடிக்காமல் எழும்புவதில்லை. அடித்தால் நில் என்பது சிரில்லோவின் விதி. அதை நான் விட்டுவிட்டேன். எல்லை எழுதுகிற வேலைக்கு அந்த விதி பொருந்தாது. மூன்று வருடமாகத் திறந்துவிடத் தெரிந்த, மூடத் தெரியாத கதவு போலத்தான் இந்த மணிக்கூடு என்னோடு இருக்கிறது.

பழுதுக்குக் காரணமும் நான்தான். நேரே 25க்குத் திருப்பி வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். திருத்துகிற ஐயா சொன்னார்: "பிள்ளை, கடைசி மட்டும் சுத்திப்போட்டுப் பின்னுக்குக் கொண்டு வரவேணும். அரைகுறையாச் சுத்தினா மணி அடிக்க ஸ்பிரிங்குக்குப் பலம் காணாது." வளைந்திருந்த சுத்தியலையும் நிமிர்த்தித் தந்தார். 500 ரூபாய்.

ஆகவே, எடி, வாங்காதை. ஆய்வேடு எழுதுகிறவளுக்குத் தொடங்குவதைவிடத் திரும்பி வந்து குந்துவதுதான் பாடு. அதற்கு இது உதவாது. இல்லை, தொடங்கத்தான் முடியவில்லை என்றால் காசைக் கொட்டாமல் என்னுடையதை ஒரு கிழமைக்குக் கொண்டுபோ. அறுபது மட்டும் சுற்றிப் பிறகு பின்னுக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டாயம் திருப்பிக் கொண்டுவந்து தா. சனிக்கிழமை எனக்கு ஒரு உறுதி கிடக்கு, ஆறு பக்கம்.