ரஃப் கட்டை யாரிடம் காட்டுவது? நண்பர்களா, பட்டறையா, காசு கொடுத்து ஒரு எடிட்டரா?

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஏழு பெண்களைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படம் போன வருடம்தான் முடிந்தது. முதல் ரஃப் கட், அதாவது காட்சிகளைத் தோராயமாகக் கோத்துப் பார்க்கும் முடியாத வடிவம், 112 நிமிடம்; கடைசியில் நின்றது 74. நடுவில் போன அந்த 38 நிமிடம் யார் சொல்லிப் போனது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு பேருமே கையில் முடியாத படத்தோடு இருப்பவர்கள், அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். வெளியாள் கண் தேவையா என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. மூன்று வருடம் ஒரே முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் ஒன்றும் தெரியாது, என் எடிட்டருக்கும் தெரியாது. எந்த வெளியாள் என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான்கு வழிகளையும் செய்து பார்த்தேன்: நண்பர்களைக் கூட்டிப் போட்டுக்காட்டினேன், ஒரு பட்டறைக்குப் போனேன், படத்தில் வருகிறவர்களிடமே காட்டினேன், காசு கொடுத்து ஒரு எடிட்டரை ஆலோசகராக வைத்துக்கொண்டேன். அடுத்த படத்திலும் பணம் போடுவது கடைசி வழியில்தான், அதுவும் ஒரு நிபந்தனையோடு. படத்தில் பேசுகிற மொழி அவர் காதில் விழ வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதை எல்லாம் இந்த ஒரு கண் கொண்டுதான் பார்க்கப் போகிறேன்.

நண்பர்கள் சங்கதி சுலபம். செலவு டீயும் வடையும். ஆனால் கஷ்டப்படுகிறவர்களைப் பற்றிய படத்தில் ஒரு சிக்கல் உண்டு. திரையில் ஒரு அம்மா வெடித்த பாதத்தோடு நிற்கும்போது ‘இந்த இடம் இழுக்குது’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. படத்தைக் குறை சொன்னால் அந்த அம்மாவைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற தயக்கம். படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள், அப்புறம் ‘கனமா இருக்கு’ என்பார்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு ஷாட்டைக்கூட வெட்ட முடியாது. அதனால் நான் திரையைப் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்து ஆட்களைப் பார்த்தேன். 31-ஆவது நிமிடத்தில் மூன்று பேர் கால் மாற்றிப் போட்டார்கள், ஒருவர் போனை எடுத்தார். அவர்கள் வாயால் சொன்ன எதையும்விட இது உதவியது. மறுநாள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, யார் யார் பேர் ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். ஏழு பெண்களில் இரண்டு பேர்தான் தேறினார்கள். நண்பர்களைக் கூட்டினால் இந்த இரண்டையும் செய்யுங்கள், கருத்து கேட்காதீர்கள்.

அடுத்தது பட்டறைகள். கோவா திரைப்பட விழாவை ஒட்டி நவம்பரில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) நடத்தும் ஃபிலிம் பஜாரில் முடியாத படங்களுக்கென்றே ஒரு பட்டறை இருக்கிறது. கொல்கத்தாவில் டாக்எட்ஜ் நடக்கிறது, அங்கே ஆவணப்பட யோசனைகளைத் தயாரிப்பாளர்கள் முன்னால் வைக்கலாம். ஐரோப்பாவில் ரஃப் கட்டுக்காகவே டாக்.இன்குபேட்டர் இருக்கிறது. நான் போனது இவை எதற்கும் இல்லை. அது ஒரு சின்னப் பட்டறை, நான்கு நாள், பெயர் வேண்டாம். என் பட்டறை அனுபவம் அந்த நான்கு நாள்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

அங்கே கிடைத்த நல்லதை முதலில் சொல்கிறேன். முதல் நாளே ஒருவர், “மழை பெய்தால் இவர்கள் என்ன செய்வார்கள்?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடகிழக்குப் பருவமழை வந்தால் அளத்தில் வேலை கிடையாது, பாத்தி எல்லாம் தண்ணீர், அந்த மாதங்களைக் கடனில்தான் ஓட்டுகிறார்கள். அதற்காகத்தான் அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணமே கொடுக்கிறது. தூத்துக்குடிக்காரன் எவனுக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் 112 நிமிடப் படத்தில் நான் சொல்லவே இல்லை. எனக்குப் பழகிப்போன ஒன்றை வெளியூர்க்காரர் ஒருவர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். அந்தக் கேள்விக்காகவே பட்டறைக் கட்டணம் தகும். போதாததற்கு விழாக்காரர்கள், தயாரிப்பாளர்கள் அறிமுகமும் கிடைக்கும். ஏழு பேர் வேண்டாம், ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு போ என்ற யோசனையும் அங்கேதான் வந்தது. நான் ஏற்கவில்லை, ஆனால் வேறொரு படத்துக்கு அது சரியாக இருக்கலாம்.

இனி அந்த மொழி விஷயம்.

படத்தின் பின்பகுதியில் ஒரு காட்சி. காலை வெயில் பாத்தியில் பட்டுக் கண் கூசுகிறது. ஒரு அம்மா வாருபலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வரப்பில் உட்காருகிறார். வீட்டுக்காரர் இறந்ததைப் பற்றிக் கேட்கிறேன். “என்னத்தச் சொல்ல, எய்யா” என்கிறார். அப்புறம் பதினோரு விநாடி பேச்சே இல்லை. விரலிடுக்கில் ஒட்டிய உப்பை முந்தானையில் துடைக்கிறார், ஒவ்வொரு விரலாக. அதன் பிறகு வீட்டுக்காரர் எப்படி இறந்தார் என்று நான்கே வாக்கியத்தில் சொல்லி முடிக்கிறார்.

எங்கள் ஆங்கில சப்டைட்டிலில் அந்த முதல் வரி, சொல்வதற்கு என்ன இருக்கிறது என்ற அளவில்தான் இருந்தது. பட்டறையில் பார்த்த இருவருக்கும் தமிழ் தெரியாது. அந்த வரியையும் மௌனத்தையும் எடுத்துவிட்டு நேரே நான்கு வாக்கியத்துக்குப் போகச் சொன்னார்கள், விஷயம் அங்கேதான் தொடங்குகிறது என்றார்கள். சப்டைட்டிலை மட்டும் படிக்கிறவருக்கு அது நியாயமான யோசனைதான். நானும் ஊருக்கு வந்து வெட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, அப்படி வெட்டிய படத்தைக் காசு கொடுத்து வைத்த ஆலோசகருக்கு அனுப்பினேன். சென்னையில் பல வருடம் எடிட்டிங் செய்தவர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். அந்தக் காட்சி அவசரமாக ஓடுகிறது என்று எழுதிவிட்டு, வெட்டாத ஃபுட்டேஜை அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டுப் போன் செய்தார். “இதுக்கு முன்னாடி எங்கயாவது உங்கள எய்யான்னு கூப்பிட்டாங்களா?” தேடிப் பார்த்தோம். இல்லை, அந்த நாள்வரைக்கும் எல்லா இடத்திலும் சார்தான். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற வார்த்தை அங்கேதான் முதல்முறையாக வருகிறது. “அப்ப படம் இங்கதான் திரும்புது. அந்த நாலு வாக்கியத்த எடுத்துருங்க, இத வைங்க” என்றார். இறந்த கதையை வேறொரு பெண் முன்னாலேயே சொல்லியிருந்ததால் நான்கு வாக்கியமும் போயின, மௌனம் திரும்பி வந்தது. அதோடு விடவில்லை அவர். வாக்கியக் கடைசியில் வருகிற ‘சார்’ எல்லாம் இடைஞ்சல் என்று நாங்கள் நறுக்கியிருந்தோம். அதில் ஐந்தாறைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார், சார் காதில் விழுந்திருந்தால்தானே எய்யா உறைக்கும்.

இதே மாதிரி இன்னொன்று. கங்காணி பக்கத்தில் இருக்கும்போது ‘அவர் சொன்னாரு’, அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் ‘அவன் சொன்னான்’. சப்டைட்டிலில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தப் பெண்களின் பயமும் கோபமும் முழுக்க அந்த ஒரு விகுதியில் இருக்கிறது, நாங்களோ இடையில் ஓர் ஆள்காட்டிக் குருவி ஷாட்டைப் போட்டு அந்த மாற்றத்தையே மூடி வைத்திருந்தோம்.

வெட்டுகிற வேகமும் இதில் மாட்டிக்கொள்கிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. பேசுகிறவர் வினைக்கு வந்து சேர்வதற்குள் சப்டைட்டில் முழு வாக்கியத்தையும் சொல்லிவிடுகிறது. படிப்பவர் இரண்டு விநாடியில் முடித்துவிட்டு மீதி நான்கு விநாடி சும்மா காத்திருக்கிறார், அதனால் பேச்சுக் காட்சி எல்லாமே அவருக்கு நீளமாகத்தான் தெரியும். காதால் கேட்கிறவருக்கோ அந்த நான்கு விநாடியில்தான் ஆள் தெரிகிறார். இதை உணராமல் பட்டறைக் குறிப்பை அப்படியே டைம்லைனில், அதாவது எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை அடுக்கும் வரிசையில், போட்டால், அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுகிறவர்களாகி விடுவார்கள். எனக்கு அது நடந்தது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. மழை விஷயம் ஆலோசகருக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அவருக்கும் அது தெரியும். அதனால் மொழி தெரியாத ஒருவரிடம் ஒருமுறையாவது காட்டித்தான் ஆக வேண்டும். எங்கே புரியவில்லை என்பதை மட்டும் அவரிடம் கேளுங்கள், எங்கே வெட்டலாம் என்று கேட்க வேண்டாம். எய்யாவுக்கு சப்டைட்டிலில் மகன் என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்தோம், எனக்கு இன்றைக்கும் அதில் திருப்தி இல்லை.

செலவு பற்றி. மூன்று தடவை பார்ப்பதற்கு 45,000 ரூபாய் பேசி, பாதி முன்பணம் கொடுத்தேன். இது என் ஒரு படத்தின் கணக்கு மட்டும்தான், ஆளுக்கு ஆள் மாறும். டைம்கோட் பதித்த, அதாவது ஓடும் நேரம் திரையிலேயே தெரிகிற பிரதியை அனுப்பினேன். பேசுவதற்கு முன்னால் குறிப்பை எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், பேச ஆரம்பித்தால் நான் விளக்கம் சொல்லியே அவர் கருத்தை மாற்றிவிடுவேன். டைம்லைனை அவர் தொடக் கூடாது என்பதும் பேச்சு. என் எடிட்டருக்கு முதலில் வருத்தம்தான், ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அவரிடம் முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு, நீங்கள் சொல்லிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது படத்தில் வருகிறவர்களிடம் காட்டுவது. ரஃப் கட்டிலேயே காட்டிவிட வேண்டும், மற்ற எந்த வழியில் போனாலும் இதை விடக் கூடாது. பிரெஞ்சு ஆவணப்படக்காரர் ழான் ரூஷ் 1950-களில் நைஜர் நதியில் நீர்யானை வேட்டையைப் படமாக்கி, அதை அந்த வேட்டைக்காரர்களிடமே போட்டுக்காட்டினார். வேட்டைக் காட்சிக்கு அவர்கள் ஊர் இசையையே சேர்த்திருந்தார். இவ்வளவு சத்தம் கேட்டால் நீர்யானை ஓடிவிடாதா என்று கேட்டார்கள், இசையை எடுத்துவிட்டார். எனக்கும் கிட்டத்தட்ட அதே அனுபவம். மதியச் சாப்பாட்டுக் காட்சியைச் சோகம் என்று நினைத்து மெல்லிய வயலின் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத் திண்ணையில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டியபோது ஏழு பேரும் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அன்றைக்கு யாரோ ஒருத்தி குழம்பைக் கொட்டிவிட்டாளாம். வயலின் போனது. கடன் தொகையைச் சொல்லும் ஒரு வரியை ஒருவர் எடுக்கச் சொன்னார், மறுபேச்சில்லாமல் எடுத்தேன். ஆனால் படம் எங்கே தொய்கிறது என்பதற்கு இந்தத் திரையிடல் உதவவில்லை. 112 நிமிடமும் அவர்களுக்குப் போதவில்லை, இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

அடுத்த படம் நீலகிரியில் இருளர் குடியிருப்பு ஒன்றில். எடிட்டருக்கும் எனக்கும் இருள மொழி தெரியாது. இந்தத் தடவை சப்டைட்டிலைப் படித்து வெட்டுகிறவன் நான்தான். அந்த மொழி பேசும் ஆசிரியர் ஒருவர் பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் எங்களோடு உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் நாள் சப்டைட்டிலை எடுத்துவிட்டுத்தான் அவருக்குப் போட்டுக்காட்டப் போகிறேன்.