ரூபாய்க்கு எத்தனை பைசா?

ஊருக்குப் போகிறவர்கள் பல் கட்டிக்கொள்வார்கள், கண்ணாடி மாற்றுவார்கள், முழு உடல் பரிசோதனை செய்துகொள்வார்கள். நான் இந்தத் தை மாதம் ஐந்து வார விடுப்பில் திருச்சிக்குப் போனது வேறு வேலையாக. என் வலியைப் பற்றித் தமிழில் பேச முறையாகப் படித்த ஓர் ஆள் கிடைப்பாரா என்று பார்க்க வேண்டியிருந்தது.

வலி எனக்கு ஏழு வருடப் பழக்கம். இங்கிலாந்தில் நான் வாழும் பர்மிங்காமில் ஒரு பிப்ரவரி காலையில், உறைந்து கிடந்த நடைபாதையில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். என் இடுப்புக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே உண்டு. அடிப்படைக் காரணம் பிடிபடாத இந்த வகை வலிக்குப் பாராசிட்டமால், இபுப்ரோஃபென், காபாபென்டின் போன்றவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டாம், உடற்பயிற்சியையும் சி.பி.டி. எனப்படும் எண்ண–நடத்தைச் சிகிச்சையையும் பரிசீலியுங்கள் என்று இங்கிலாந்தின் 2021 வழிகாட்டி சொல்கிறது. என் குடும்ப மருத்துவர் அதைத் தட்டாமல் பின்பற்றி, என்னை வரிசையில் சேர்த்துவிட்டார். பதினான்கு மாதம் கழித்துத் தொலைபேசியில் ஆறு அமர்வுகள் கிடைத்தன.

பேசிய பெண் நல்லவள். ஆனால் முதல் நாளே ஒரு சொற்பட்டியலை வாசித்து, என் வலி எதைப் போன்றது என்று கேட்டாள். மெக்கில் வினாத்தாள் என்று 1975-இலிருந்து இருக்கும் பட்டியல் அது. சுடுவதுபோலா, குத்துவதுபோலா, கொறிப்பதுபோலா? கொறிப்பது என்றால் எனக்கு முறுக்குதான் நினைவுக்கு வரும். எனக்கு இருப்பது குடைச்சல். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? "துளைபோடுகிற மாதிரி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தச்சுப்பட்டறை மாதிரி ஒலித்தது. ஒவ்வொரு வாரமும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் வேறு போடச் சொன்னாள். எப்போதும் ஆறு என்றே சொல்லி வைத்தேன்.

திருவரங்கத்தில் பெரியம்மா வீட்டில் இறங்கிய மறுநாளே சித்தி மகனிடம், "எனக்கு ஒரு தெரபிஸ்ட் வேண்டும்" என்றேன். "அதற்கென்ன அக்கா" என்று வண்டியை எடுத்தவன், நேராகத் தில்லைநகரில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். தமிழ்நாட்டில் தெரபிஸ்ட் என்றால் கரண்ட் வைப்பவர் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனது போனதுதான் என்று படுத்துக்கொண்டேன். இடுப்பில் நான்கு பட்டைகளை ஒட்டி ஐ.எஃப்.டி. என்ற மின்தூண்டல் கருவியை ஓட விட்டார்கள், பிறகு ஒத்தடம், பிறகு நான்கு பயிற்சிகள். கட்டணம் 400 ரூபாய். எழுந்து உட்கார்ந்ததும் அந்த இளைஞர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை: "ரூபாய்க்கு எத்தனை பைசா குறைந்திருக்கிறது?"

யோசிக்கவே இல்லை, "இருபத்தைந்து பைசா" என்றேன். ஏழு வருடத்தில் வலியைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்விக்கு நான் உடனே, உண்மையாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. நாலணா நாணயம் 2011-இலேயே செல்லாமல் போய்விட்டது. வலிக் கணக்கில் இன்னும் புழங்குகிறது.

ஆனால் நான் தேடிவந்தவர் அவர் இல்லை. அவரே "பெரிய டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்" என்று சொல்ல, ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எலும்பு மருத்துவர், கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு தேய்ந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றார். எல்லாம் நான்கு நிமிடம். வலியே இல்லாதவர்களின் முதுகுப் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்குத் தட்டுத் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். ஐம்பதைத் தொடப்போகும் எனக்குத் தேய்மானம் இல்லாமலிருந்தால்தான் அதிசயம். அவரிடம் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. வலியோடு வாழப் பழகுவதற்கு யாராவது உதவுவார்களா என்று மட்டும் கேட்டேன். "வெளியே கவுன்சலரைப் பாருங்கள்" என்றார். சந்தோஷமாகப் போனேன். அந்தக் கவுன்சலர், அறுவை சிகிச்சைக்கான பேக்கேஜ் எவ்வளவு, ஏசி அறைக்கு எவ்வளவு, காப்பீடு எவ்வளவு கொடுக்கும் என்று விளக்குபவர்.

வீட்டில் நான் உண்மையில் தேடுவது யாரை என்று சொல்ல வேண்டி வந்தது. பெரியம்மா வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு, "உனக்கென்னடி பைத்தியமா?" என்றாள். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்கள் பக்கத்துக்குக் குணசீலம் அப்படி. மனம் பிசகியவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைக்கும் பெருமாள் கோவில் அது. "இடுப்புவலிக்குக் குணசீலம் போனவளை நான் கேள்விப்பட்டதே இல்லை" என்றாள். பெரியம்மாவின் தர்க்கத்தில் பிழை காண முடியாது. இடுப்பு ஓரிடம், மனது ஓரிடம்.

அடுத்து மனநல ஆலோசனை என்ற பலகையைப் பார்த்து ஏறிய மாடி பெரிய ஏமாற்றம். ஒரு மணி நேரத்துக்கு 2,000 ரூபாய். "வலி என்று நினைக்காதீர்கள், அனுபவம் என்று நினையுங்கள்" என்றார் அங்கே இருந்த ஆலோசகர். சுவரில் மாட்டியிருந்தது வார இறுதி வகுப்பு ஒன்றின் சான்றிதழ். கீழே இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அந்த அனுபவம் நன்றாகவே வலித்தது.

அதற்குப் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று பணிபுரிபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது அது. பதிவு எண் இருக்கும். கேட்டால் சொல்ல வேண்டும், இணையத்திலும் சரிபார்க்கலாம். பெரும்பாலோர் இரண்டு வருட எம்.ஃபில். படிப்பை மருத்துவமனையில் நோயாளிகளோடு இருந்து முடித்தவர்கள். மாத்திரை எழுத மாட்டார்கள். அது மனநல மருத்துவர் வேலை. ஆகவே ஊரில் போய் "தெரபிஸ்ட்" என்றோ "கவுன்சலர்" என்றோ கேட்காதீர்கள். "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று கேளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கண்டோன்மென்ட்டில் ஒரு மனநல மருத்துவரின் வரவேற்பறைப் பெண் உடனே, "செவ்வாய், வெள்ளி மாலை வருவார்கள்" என்றாள். நான் அலைந்த பத்து நாளும் அந்த ஒரு சொல் தெரியாததால் வந்த வினை.

முதல் அமர்வுக்குப் பெரியம்மாவும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த உளவியலாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். பெரியம்மாவிடம் வலி எப்போது தொடங்கியது, நான் எப்படித் தூங்குகிறேன் என்றெல்லாம் மரியாதையாக ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "அம்மா, இனிமேல் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் பேசுகிறோம், வெளியே மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள்" என்றார். பெரியம்மா மறுபேச்சில்லாமல் எழுந்து போனதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் சொற்பட்டியல் எதையும் வாசிக்கவில்லை. "வலி என்ன செய்கிறது?" என்று மட்டும் கேட்டார். குடைகிறது என்றேன். உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொள்கிறது. குளிரில் விண்ணென்று தெறிக்கிறது. மதியத்துக்கு மேல் தொடையில் மதமதப்பு. ராத்திரியானால் கால் உளைச்சல், மனதும் உளைச்சல். சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசிச் சொல்லில் பேனாவை நிறுத்தி, "இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் சொன்னீர்கள், கவனித்தீர்களா?" என்றார். நான் கவனிக்கவில்லை.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையில், வலி என்பது புலன் சார்ந்ததும் உணர்ச்சி சார்ந்ததுமான ஓர் அனுபவம். பர்மிங்காமில் இதைச் சொல்லித்தர வந்தவர்கள் ஒவ்வொரு முறையும், "உங்கள் வலி கற்பனை என்று நாங்கள் சொல்லவில்லை" என்று முன்கூட்டியே சமாதானம் சொல்வார்கள். அதைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இங்கே அந்தச் சமாதானத்துக்கு வேலையே இருக்கவில்லை. காலுக்கும் மனதுக்கும் உளைச்சல் என்று சொல்லித்தான் நான் வளர்ந்தேன். அந்தச் சொல்லைத் தினமும் சொல்கிற பெரியம்மாதான் இடுப்பு வேறு, மனது வேறு என்கிறாள், அது தனிக் கதை.

இரண்டாவது அமர்வுக்கு முன் தைத்தேர் வந்தது. உத்தர வீதியில் தேர் வரும்போது வீட்டுக்குள் இருக்க முடியுமா? இரண்டு மணி நேரம் நின்றேன், வடத்தைத் தொட்டேன், கூட்டத்தோடு நகர்ந்தேன். அடுத்த மூன்று நாள் படுக்கையில். குற்ற உணர்ச்சியோடு போய்ச் சொன்னபோது அவர் கேட்டார்: "வடம் பிடித்தபோது வலித்ததா?" இல்லை. துளிக்கூட இல்லை. 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்னதை அவர் அங்கே வைத்து விளக்கினார். முதுகுத்தண்டில் ஒரு வாசல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து வரும் செய்தியை எவ்வளவு உள்ளே விடுவது என்பதில் மூளைக்கும் பங்கு உண்டு. தேர் அன்று உங்கள் வாசல் பாதி சாத்தியிருந்தது. மறுநாள் "ஐயோ, கெடுத்துக்கொண்டோமே" என்று பயந்து படுத்தீர்கள், அகலத் திறந்துகொண்டது.

ஆனால் தேரைப் பாராட்டிவிட்டு அவர் விடவில்லை. நல்ல நாளில் நான்கு நாள் வேலையை இழுத்துப் போட்டுச் செய்வது, பிறகு மூன்று நாள் விழுந்து கிடப்பது என்பதுதான் என் ஏழு வருடக் கதை என்பதை என் வாயாலேயே சொல்லவைத்தார். ஒரு வாரம் தினமும் நடந்து, குடைச்சல் கூடத் தொடங்கும் நிமிடத்தைக் குறிக்கச் சொன்னார். சராசரி ஒன்பது வந்தது. "ஏழில் நிறுத்துங்கள். வலித்தாலும் ஏழு, வலிக்காவிட்டாலும் ஏழு. வலி வந்ததும் நிறுத்தினால் வலிதான் எஜமானர்." வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். காலையில் சித்திரை வீதியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது ஏழாவது நிமிடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காருவது, வலியோடு நடப்பதைவிடக் கடினம்.

ஆறு அமர்வுகள் முடிந்தன. அமர்வுக்கு 50 நிமிடம், 1,200 ரூபாய். எனக்கு மலிவு, பர்மிங்காமில் தனியாரிடம் போனால் இதைப்போல ஐந்து மடங்காவது ஆகும். ஆனால் கரண்ட் வைக்கும் நிலையத்தில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பூக்காரம்மாவுக்கு இது எட்டாத தொகை. புத்தூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணம் கிடையாது, காத்திருக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பெரியம்மா வீட்டு எதிர்சாரியில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. வலியைக் கேட்டுக்கொள்ளவும் யாராவது அப்படி வந்தால் நன்றாயிருக்கும்.

வலி போய்விட்டதா என்று விமான நிலையத்தில் எல்லோரும் கேட்டார்கள். போகவில்லை. பத்துப் பைசா, பதினைந்து பைசா குறைந்திருக்கலாம். கொழும்பு வழியாக வந்த நீண்ட பயணத்தில், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்றதில் பணிப்பெண்ணுக்கு என் முகம் நன்றாகவே பழகிவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இணைய வழியில் தொடர்கிறோம், அங்கே மாலை ஆறு மணி, இங்கே பகல் பன்னிரண்டரை. மார்ச் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதை மறந்து வழக்கம்போலப் பன்னிரண்டரைக்கே கணினி முன் உட்கார்ந்துவிட்டேன். திருச்சியில் அப்போதுதான் மணி ஐந்து. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். அந்த வாரக் கணக்கு பன்னிரண்டு நிமிடம்.